கன்னியப்பன் சட்டை

ஜூலை 14, 2003, திங்கள். குடியாத்தம்

படப்பிடிப்பு நின்றுவிட்டது. "ஒரு வாரம்தான் மேடம், டைரக்டர் கதையில ஒரு சின்ன மாத்தம் பண்றாராம்" என்றார் படக் கம்பெனி மானேஜர். சினிமாவில் ஒரு வாரம் என்றால் என்ன அர்த்தம் என்று முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் உடை தைத்துக் கொண்டிருக்கிற எனக்குத் தெரியாதா? எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு மெட்ராஸ் போய்விட்டார்கள். பர்மா யுத்தப் படம் என்று நான் தைத்து, சாயம் வெளுக்கவைத்து, முழங்கையில் தேய்த்து நைய வைத்த காக்கிச் சட்டைகளுக்குக் காவலாக நான் மட்டும் லாட்ஜில் இருக்கிறேன். விட்டுவிட்டுப் போனால் எலி தின்றுவிடும்.

பம்பாயிலிருந்து யாரோ ஒரு பெண்ணை உடைக்குப் பேசுகிறார்களாம். பேசட்டும். எனக்கொன்றும் இல்லை.

ஜூலை 15

துணி துவைத்தேன். புடவைக்குக் கஞ்சி போட்டேன். லாட்ஜ் மாடியில் கொடி கிடையாது, ஆன்டெனாக் கம்பியில் காயப் போட்டேன். லாட்ஜ்காரன் முறைத்தான், நானும் முறைத்தேன்.

ஜூலை 17

எதிர்ச்சாரியில் ஓர் இட்லிக் கடை. நடத்துகிற அம்மாள் பெயர் தனகோட்டி. வயது அறுபதுக்குப் பக்கம். பேச்சு குறைவு, கை சுறுசுறுப்பு. மூன்று வேளையும் எனக்குச் சாப்பாடு அங்கேதான்.

இன்று கடையில் கூட்டம் இல்லை. என் லேபிள் டப்பாவை எடுத்துவந்து பெஞ்சில் பரப்பி, ஒவ்வொன்றாக ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய யுத்தச் சட்டைகளிலிருந்து வெட்டிச் சேர்த்தவை. பாரிமுனையில் பழைய துணி மூட்டை பிரிக்கிற இடத்தில் பொறுக்கியது பாதி, அடித்துப்பிடித்து வாங்கியது பாதி.

"இன்னா மேடம் இது, துணித் துண்ட வெச்சி வெளையாடறீங்க" என்றார் தனகோட்டி.

சொன்னேன். நம் ஊர்ப் பட்டாளத்துச் சட்டை என்றால் கழுத்துக்கு உள்பக்கம் ஒரு நாடா வைத்துத் தைத்திருப்பார்கள். அதில் ஒரு அம்பு முத்திரை, அம்புக்கு மேல் இந்தியாவுக்கு அடையாளமாக ஆங்கில ஐ மாதிரி ஒரு கோடு, தைத்த கம்பெனி, அளவு, கூடவே வருஷம். அமெரிக்காக்காரன் சட்டையில் கான்ட்ராக்ட் தேதியே இருக்கும். இங்கிலாந்தில் யுத்தத்தின்போது ஜனங்களுக்குத் தைத்த சிக்கனத் துணியில் இரண்டு வட்டமும் நாற்பத்தொன்று என்ற எண்ணும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்த நாற்பத்தொன்றைப் பார்த்தவுடனே 1941 என்று துள்ளுவார்கள். ஐம்பத்திரண்டு வரைக்கும் அதே முத்திரையைத்தான் போட்டார்கள். அதனால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது, துணியையும் நூலையும் பார்க்க வேண்டும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பேச ஆள் கிடைத்து நாளாகிவிட்டது.

தனகோட்டி கரண்டியைக் கீழே வைத்தார். "ஒரு சட்டையப் பாத்தா அது எந்த வருசத்துதுன்னு சொல்லிடுவீங்களா?"

"பெரும்பாலும் சொல்லிடுவேங்க்கா."

"எங்க நைனா சட்டை ஒண்ணு இருக்குது" என்றார். அப்புறம் அவராகவே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

அவருடைய அப்பா கன்னியப்பன். ஊர் இங்கிருந்து பஸ்ஸில் போகிற மேல்பள்ளத்தூர். 1941இல் பட்டாளத்தில் சேர்ந்து, 44இல் பர்மா எல்லையில் செத்துப்போனார். தந்தி மட்டும் வந்தது. சாமான் எதுவும் வரவில்லை. வீட்டில் அவர் விட்டுப்போன ஒரு காக்கிச் சட்டை இருந்தது. அகாலமாகச் செத்தவர்களின் துணியைப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவது அவர்கள் வழக்கம். அப்படி அந்தச் சட்டை வீட்டுச் சாமியாகிவிட்டது. வருஷா வருஷம் ஆடி மாதம் மூன்றாம் ஞாயிறு பெட்டியைத் திறந்து, சட்டையைத் தோய்த்து, படையல் போடுகிறார்கள். இப்போது பெட்டி இருப்பது கன்னியப்பனின் தம்பி மகன் ஏகாம்பரம் வீட்டில்.

தனகோட்டி பிறந்தது 44 ஆடியில். அங்கேதான் சிக்கல். அவருடைய அம்மா பச்சையம்மாள், "43 ஐப்பசியில லீவுல வந்தாரு, அப்பத்தான் இந்தச் சட்டைய விட்டுட்டுப் போனாரு" என்றிருக்கிறார். கன்னியப்பனின் தம்பி முனிரத்தினம், "41ல போனவன் திரும்பி வரவே இல்ல, சட்டை அப்பவே விட்டது" என்றிருக்கிறார். ஊர் ஆண்பிள்ளை சொன்னதை எடுத்துக்கொண்டது. கிணற்றடி நிலத்தில் அண்ணன் பங்கும் தம்பிக்கே போனது. கைக்குழந்தையோடு பச்சையம்மாள் குடியாத்தம் வந்து தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தார்.

"நெலம் போனா போவுது. என் புள்ளைங்க சம்பாரிக்குதுங்கோ" என்றார் தனகோட்டி. "இன்னைக்கும் படையலுக்குப் போறேன். தெருவுல நின்னு கும்புட்டுட்டு வரேன். சாமி ரூமுக்குள்ள ரத்தபாத்தியம் உள்ளவங்கதான் போவணும். செத்தவரோட புள்ளதான் ஈரச்சட்டையத் தலைல சுமந்துகினு வரணும். அதுக்கு ஆளில்லன்னு ஏகாம்பரம் சுமக்குது. அந்தச் சட்டை எந்த வருசத்துது, அது மட்டும் தெரிஞ்சா போதும் எனக்கு."

ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

மேல்பள்ளத்தூர் போய் வந்தேன். கூட வந்த தனகோட்டி தெருமுனை வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டார்.

ஏகாம்பரம் கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவர். ஐம்பத்தாறு ஐம்பத்தேழு இருக்கும். நல்ல மனுஷன். சினிமாக்காரி என்றதும் மனைவி கஸ்தூரியைக் காபி போடச் சொன்னார். படையலுக்கு முன்னால் பெட்டியைத் திறக்கிற வழக்கம் இல்லையாம். "யுத்தத்தப் பத்திப் படம்ன்றீங்கோ, எங்க பெரியப்பாவுக்கும் ஒரு மரியாதையா இருக்கட்டும்" என்று கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திறந்தார்.

காக்கி வெளுத்து டீ நிறத்துக்கு வந்திருந்தது. மஞ்சள், குங்குமக் கறை. கிழிந்த இடமெல்லாம் தைத்திருந்தார்கள். லேபிள் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். அங்கே தீப்பெட்டி அளவுக்கு ஒரு மஞ்சள் துணி, நாலு பக்கமும் மூடித் தைத்திருந்தது. உள்ளே வட்டமாக என்னவோ இருந்தது.

"அதுல கை வெக்காதீங்கம்மா. காணிக்கை. எனக்கு அஞ்சாறு வயசு இருக்கும்போது எங்கப்பா காலணா முடிஞ்சி தன் கையால தச்சது."

சரி, லேபிள் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, பையிலிருந்த ஊதா விளக்கை எடுத்தேன். கள்ளநோட்டு பார்ப்பார்களே, அதே விளக்கு. யுத்தகாலத்துப் பருத்தித் துணி அந்த வெளிச்சத்தில் சும்மா மங்கலாக இருக்கும். பிற்காலத்தில் துணிக்கு வெளுப்பு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். அது பட்ட துணி நீலமாகப் பளீரென்று ஒளிரும். கதவைச் சாத்தச் சொல்லி விளக்கைக் காட்டினேன். சட்டை முழுக்க நீலமாக ஒளிர்ந்தது.

"இது யுத்தகாலத்துச் சட்டையே இல்லைங்க. பத்துப் பதினைஞ்சு வருஷம் கழிச்சு யாரோ தைச்சது" என்றேன். யோசிக்கவே இல்லை. படக்கென்று வந்துவிட்டது வாயில்.

ஏகாம்பரம் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தார். "நாங்க அம்பது வருசமா எதக் கும்புட்டோம் அப்போ?" என்று மட்டும் கேட்டார். கஸ்தூரி காபி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் தனகோட்டியிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது, "அப்போ எங்கம்மா சொன்னதும் பொய்தான், சித்தப்பா சொன்னதும் பொய்தான். சட்டையே நைனாவோடது இல்ல" என்றார்.

தெரிந்ததைச் சொன்னேன். என் வேலை அதுதானே.

ஜூலை 21

இட்லி வைத்தார், சட்னி வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 24

இன்றும் அப்படித்தான். நான் என்ன செய்ய முடியும்? மானேஜர் போனை எடுக்கவில்லை. மூன்று தரம் செய்தேன். வேலையாக இருப்பார்.

ஜூலை 26, சனி

என்னைப் போல் ஒரு மடச்சி உண்டா?

காலையில் லாட்ஜ் பாத்ரூமில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஜன்னல் கிடையாது. பாதியில் கரண்ட் போய்விட்டது. தட்டுத் தடவி வெளியே வந்து கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போய் அமுக்கினால், டார்ச் இல்லை, ஊதா விளக்கு. வாளி நீலமாக ஒளிர்ந்தது. நுரை ஒளிர்ந்தது. என் கை முழங்கை வரைக்கும் ஒளிர்ந்தது.

ஈரக் கையோடு அப்படியே நின்றேன். சலவைத் தூள். அதற்குள்ளேதானே வெளுப்பு மருந்தைப் போட்டு விற்கிறான்.

டப்பாவில் 1942 லேபிளோடு சேர்ந்த காக்கித் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன், தண்ணீர் படாதது. ஒரு மூலையை வெட்டி, தூளில் ஊறவைத்துக் கசக்கி, மின்விசிறியில் காயவைத்து விளக்கைக் காட்டினேன். தோய்த்த மூலை நீலம், மற்றது மங்கல். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைக்கு ஓடினேன். "அக்கா, அந்தச் சட்டையை எதுல தோய்ப்பாங்க?"

"எதுலன்னா? தூள்லதான். மத்த துணிக்கு சோப்புக் கட்டி போடுவாங்கோ. சாமித் துணியாச்சே, அதுக்குன்னு வருசா வருசம் ஒசத்தியா புதுப் பாக்கெட்டு வாங்கிப் பிரிப்பாங்கோ."

பக்தியாக விலை உயர்ந்த தூளில் ஊறவைத்து ஊறவைத்து அந்தச் சட்டையை ஒளிரவைத்திருக்கிறார்கள். நான் பார்த்தது சட்டையின் வயதை இல்லை, ஏகாம்பரம் வீட்டுச் சலவையை. நான் சொன்னது தப்பு என்று தனகோட்டியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே இளகிவிடவில்லை. "இன்னொரு தரம் ஆசைய மூட்டி விடாதீங்கம்மா" என்றார்.

தட்டைக் கழுவி அடுக்கிவிட்டு அவராகவே வந்தார். "ஒண்ணு சொல்றேன். எங்கம்மா ஒரு வருசம் படையல்ல எல்லார் எதிர்லயும் கேட்டுதாம். சட்டைக் கழுத்துல எழுத்து இருக்குதே, வாத்தியார வெச்சிப் படிங்களேன்னு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அடுத்த வருசம் போய்ப் பாத்தா எழுத்த காணம், மஞ்சத்துணி இருக்குதாம். அழிச்சிட்டாங்கன்னு சாவறவரைக்கும் சொல்லிக்கினே இருந்துது."

அழிப்பதற்கு மெனக்கெடுவானேன், மூடினால் போதுமே. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு தரம் வாயைவிட்டது போதும்.

ஜூலை 27, ஞாயிறு

தனியாக மேல்பள்ளத்தூர் போனேன். ஏகாம்பரம் வாசலிலேயே நிறுத்திவைத்துப் பேசினார். நியாயம்தான்.

தூள் விஷயத்தைச் சொல்லி, தோய்த்த துண்டையும் தோய்க்காத துண்டையும் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார். "அப்ப சட்டை பழசுதானா?"

"தெரியாதுங்க. விளக்கு சொன்னது செல்லாது, அவ்வளவுதான். நிச்சயமா சொல்லணும்னா லேபிளைப் பார்க்கணும். அது அந்த மஞ்சள் துணிக்கு அடியில இருக்கலாம்."

"காணிக்கையப் பிரிக்கச் சொல்றீங்களா?"

"நான் சொல்லலை. உங்க சாமி, உங்க இஷ்டம்."

"இந்த வாரமெல்லாம் எனக்குச் சோறே எறங்கல. பெட்டி முன்னாடி நின்னா, இது யாருதோன்னு தோணுது. படையல் போட மனசு வரல" என்றார். அப்புறம் குரலை இறக்கினார். "பச்சையம்மா மவதான உங்கள அனுப்பிச்சிது?"

"அனுப்பலை. ஆனா பிரிச்சா அவங்களும் பக்கத்துல இருக்கணும். இல்லைன்னா நான் வரமாட்டேன்."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை 29

மானேஜர் கிடைத்தார். பெட்டிகளை லாரியில் ஏற்றிவிடச் சொன்னார். நான் எப்போது வர வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. மறந்திருப்பார்.

ஜூலை 30

லாரி வந்தது. ஏற்றிவிட்டேன். இனி லாட்ஜில் எனக்கு வேலை இல்லை. ஆனாலும் ஞாயிறு வரை இருப்பேன் என்று சொல்லி அறையை நீட்டித்துக்கொண்டேன். வாடகை என் கையிலிருந்துதான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஏகாம்பரம் லாட்ஜுக்கே வந்தார். கோயிலில் பூ கேட்டிருக்கிறார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, வெள்ளை வந்தால் பிரிக்கலாம் என்று நேர்ந்திருக்கிறார். வெள்ளை வந்ததாம்.

"ஞாயித்துக்கெழம காலைல தோய்க்கறதுக்கு முன்னாடி பிரிச்சிடலாம். நீங்க வாங்க" என்றார். எதிர்க் கடையை ஒரு பார்வை பார்த்தார். "அவங்களையும் கூட்டிக்கினு வாங்க."

தனகோட்டியிடம் சொன்னேன். மாவு ஆட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. கிரைண்டரை மட்டும் நிறுத்தினார். "நாப்பத்தொண்ணுன்னு இருந்துட்டா?" என்று கேட்டார்.

"இருந்துட்டா அப்படியே படிப்பேங்க்கா."

"ம். படிங்க. இப்டியோ அப்டியோ தெரிஞ்சிட்டா போதும். எங்கம்மாவ மனசுக்குள்ள ஒரு தரம்கூட நான் சந்தேகப்பட்டது இல்லன்னு சத்தியம் பண்ண முடியாதும்மா என்னால. அதான் இத்தினி வருசமா உறுத்துது."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சாமி அறை வாசற்படிக்கு வெளியே தனகோட்டி நின்றார். லேபிள் பார்க்க வேண்டும் என்று என்னை உள்ளே விட்டிருந்தார்கள். நான் கூப்பிட்டும் அவர் வரவில்லை. ஏகாம்பரம் பெட்டியைத் திறந்து சட்டையை மடியில் வைத்துக்கொண்டார். கஸ்தூரி பிளேடு கொடுத்தார். நான் பிரிக்கட்டுமா என்றேன். "வேணாம்மா. எங்கப்பா தச்சத நானே பிரிக்கறேன்" என்றார்.

மஞ்சள் பூசிப் பூசித் துணி தோல் மாதிரி விறைத்திருந்தது. தையல் ஒவ்வொன்றாக அறுத்தார். மூன்று பக்கம் பிரிந்ததும் உள்ளேயிருந்து வட்டமாக ஒன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

காலணா இல்லை. பித்தான். பட்டாளத்துச் சட்டைப் பித்தான்.

ஏகாம்பரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கஸ்தூரி தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். ஐம்பது வருஷமாக அவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட காணிக்கை அது.

மஞ்சள் துணிக்கு அடியில் நாடா இருந்தது. ஓரங்கள் வெளுத்திருந்தன, நடுவில் மை அப்படியே நின்றிருந்தது. அம்பு, அதன் மேல் கோடு, கம்பெனியின் இரண்டு எழுத்து. நான் வாயைத் திறக்கவில்லை. ஏகாம்பரம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவரே படித்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து மூணு."

இன்னொரு தரம் படித்தார். 43இல் தைத்த சட்டையை 41இல் யாரும் வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. பார்சலும் வரவில்லை என்று இரண்டு பக்கமும் சொல்கிறார்கள். அந்த மனுஷன் வந்திருக்கிறான். வந்து, கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இல்லை.

"எங்க மாமனாருக்கு நல்லா படிக்கத் தெரியுமே" என்றார் கஸ்தூரி, யாரையும் பார்க்காமல்.

ஏகாம்பரம் பித்தானைப் பெட்டிக்குள் வைத்தார். "எங்கப்பா இந்தச் சட்டைக்கு முன்னாடி விழுந்து கும்புட்டதே கெடையாது. எல்லாரும் விழுவோம், அவரு மட்டும் செவுத்தோரமா நிப்பாரு. அண்ணன் போன துக்கம்னு நெனச்சிக்கினு இருந்தேன் நானு."

எழுந்து வாசற்படிக்குப் போனார். சட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். "வாக்கா. நீதான் சுமக்கணும்."

தனகோட்டி அழவில்லை. முந்தானையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு சட்டையை வாங்கினார். கிணற்றடியில் அவரே தோய்த்தார், வெறும் தண்ணீரில். தூள் பாக்கெட்டை நான் எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன். ஈரச் சட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தெரு வழியாக வந்தார். தெருவில் நின்றவர்களுக்கு விஷயம் அதற்குள் எட்டியிருந்தது. சிலர் கும்பிட்டார்கள், சிலர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். "எங்கம்மாவுக்கு இத யாரு போய்ச் சொல்றது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சத்தமாகவே சொன்னார், தெருவுக்குக் கேட்கும்படி. நான் பின்னால் நடந்தேன். எனக்குத்தான் கண் கலங்கி வழி தெரியவில்லை.

சட்டையைப் பலகைமேல் விரித்து இலை போட்டார்கள். சோறு, கறிக்குழம்பு, கருவாடு, கொழுக்கட்டை. அந்தச் சமயத்தில் தனகோட்டி என் கையைப் பிடித்தார்.

"அதுல வருசத்துக்குக் கீழ வேற நம்பரும் இருந்துச்சே, அது இன்னாம்மா?"

"அளவுங்க்கா. உயரம், மார்பு."

"எவ்ளோ?"

"உயரம் அஞ்சேகால் அடி. மார்பு முப்பத்திநாலு." அதுதான் சின்ன அளவு என்றும் சொன்னேன்.

அப்பாவின் படம் எதுவும் அவரிடம் கிடையாது. கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. கேட்கவும் முடிந்ததில்லை. சட்டையின் குறுக்கே கையை விரித்துச் சாண் போட்டுப் பார்த்தார். தோளிலிருந்து தோளுக்கு இரண்டே சாண். மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

"சாவறப்ப அவருக்கு இருபத்தொண்ணு வயசுதான்க்கா" என்றார் ஏகாம்பரம்.

"இருபத்தொண்ணா" என்றார் தனகோட்டி. அவருடைய கடைசிப் பையனுக்கே முப்பதாகிறது. விரித்த கையை எடுக்காமல் சட்டைமேலேயே வைத்திருந்தார். அப்புறம் இலையைப் பார்த்தார்.

"இன்னொரு கரண்டி சோறு வையி தம்பி. வளர்ற புள்ள."

ஏகாம்பரம் வைத்தார்.